எழுபது விழுக்காடு

இடது கை, முழங்கைக்குக் கீழே.
இழப்பு எழுபது விழுக்காடு என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்க
எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று
அதில் எழுதவில்லை.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
பிரஸ் இறங்கியபோது மணி நாலு பத்து.
டீ வரும் நேரம்.
என் டம்ளர் ஏடு கட்டி
ராத்திரி ஷிஃப்ட் வரைக்கும் அங்கேயே இருந்ததாம்.
ரெஜினா பிறகு சொன்னாள்.
கையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

எலுமிச்சையைக் கதவிடுக்கில் வைத்துப் பிழியலாம்.
கதவுக்கும் கொஞ்சம் புளிப்பு போகும், பரவாயில்லை.
ஜாக்கெட்டின் கொக்கிகளைப் பிரித்துவிட்டு
வெல்க்ரோ தைத்துக்கொண்டேன்.
இரவில் அதைக் கிழிக்கும் சத்தத்துக்கு
தவசி முதலில் திடுக்கிட்டான்,
பிறகு சிரித்தான்,
இப்போது அந்தச் சத்தம் கேட்டால்
விளக்கை அணைத்துவிடுகிறான்.
காலையில் அவன்தான் பின்னிவிடுகிறான்.
ஆட்டோ ஓட்டுகிற கை.
என் கூந்தலை கிளட்ச் மாதிரி பிடிக்கிறது.

ரேஷன் கடை எந்திரத்தில்
வலது கட்டைவிரலை வைத்தேன்.
ரேகை தேய்ந்திருக்கிறது, இடதை வை என்றது.
வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள்
என் இடது பெருவிரல் பத்திரமாக இருக்கிறது,
ஒரு சுழி குறையாமல்.
அரிசி வாங்கத்தான் வரவில்லை.

புதுக் கைக்கு மூன்று நிறம் காட்டினார்கள்.
கோதுமை, தேன், காப்பி.
காப்பி ஸ்டாக் இல்லை.
அதனால் கோதுமை.
முழங்கைக்குக் கீழே திடீரென்று
நான் வேறு வீட்டுப் பெண்.
நகம்கூட வைத்திருக்கிறார்கள்,
வெட்ட வேண்டாத நகம்.

ஏப்ரலில் உள்ளே வேர்த்து வழுக்குகிறது.
பவுடர் போட்டு, உறை மாட்டி, அதற்குமேல் அது.
புண்ணைக் காட்டினேன்.
ஷிவலீலா ஒரு திருகைத் தளர்த்தி
"ஸ்வல்ப அட்ஜஸ்ட் ஆகபேகு" என்றாள்.
யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முக்கால்வாசி நாள் அது
குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும்.
ஒருநாள் கரண்ட் பில்லை
அதன் விரலிடுக்கில் செருகியிருந்தான் தவசி.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள்
கேஸ் ரசீதை நானே செருகினேன்.

போன கை போகவும் இல்லை.
முஷ்டி பிடித்தபடி இருக்கிறது.
நாலு பத்துக்கு எதைப் பிடித்திருந்ததோ
அதை விட மாட்டேன் என்கிறது.
நகம் உள்ளங்கையில் குத்துகிறது.
எந்த உள்ளங்கை என்று
டாக்டர்கூடக் கேட்பதில்லை இப்போது.

நேற்று மெஜஸ்டிக்கில் பஸ் ஏறினேன்.
ஆதாரைப் பல்லில் கடித்துக் காட்டி
பூஜ்யம் போட்ட சீட்டு வாங்கி
உட்கார்ந்தேன்.
பக்கத்தில் ஒரு பெண், மடியில் பையன்,
மூன்று வயது இருக்கும், மூக்கு ஒழுகுகிறது.
மல்லேஸ்வரம் தாண்டும்போது மழை.
ஜன்னலை இழுத்துவிடப் பார்த்து, முடியாமல்,
திரும்பினேன்.

தூங்கிப்போயிருந்தான்.
கோதுமை நிறச் சுண்டுவிரலை
முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு.

எப்போது பிடித்தான்? எனக்குத் தெரியாது.
சூடா ஈரமா,
அதுவும் தெரியாது.
பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்,
யாரோ யாருடைய கையையோ பிடித்திருப்பதைப்
பார்ப்பதுபோல.
அவன் அம்மா எடுக்கப் போனாள்.
இருக்கட்டும் என்றேன்.

கொரகுண்டேபாளையா வந்தது.
கண்டக்டர் இரண்டு தரம் கத்தினார்.
நான் எழுந்திருக்கவில்லை.
முஷ்டி திறந்தது என்று சொன்னால் பொய்.
ஒரு விரல், இருக்கலாம்.
சுண்டுவிரல்.

இரண்டு நிறுத்தம் தள்ளி
அவர்கள் இறங்கியபின் இறங்கி
மழையில் திரும்பி நடந்தேன்.
குடை ஆணியில்,
வீட்டில்.