நடைமேடைச் சீட்டு

பத்து ரூபாய்.
இரண்டு மணி நேரம் செல்லும்.
காட்பாடி சந்திப்பு, காலை 10:42 என்று அச்சடித்திருக்கிறது.
போகுமிடம் என்று ஒன்றும் இல்லை.

ஷாஹிதா அக்காவிடம் பேங்க் என்றேன்.
பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு எட்டு மாசம் ஆகுது என்றேன்.
அது மட்டும் நிஜம்.
"போய்னு வா.
கூட்டம் இருந்தா இருக்கட்டும், நின்னு முடிச்சிட்டே வா"
என்றார் அக்கா
பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டே
என் முகத்தைப் பாராமல்.

விருதம்பட்டிலிருந்து காந்தி நகர் வரை
வண்டி பேங்க் பக்கம்தான் ஓடியது.
அப்புறம் அதுவாகத் திரும்பியது என்று
சொல்லத்தான் ஆசை.
திருப்பியது நான்.

இங்கே உட்கார்ந்திருந்தால்
ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.
பெஞ்சில் என்னோடு
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்த ஒருவர்,
தூரத்து ஊர்க்காரர்,
ஆஸ்பத்திரியின் பெயரைத் தமிழாக நினைத்து
என்னைப் பார்த்து ஒருமுறை சொன்னார்.
நான் பாலாற்றுப் பாலம் இருக்கும் திசையில் கை காட்டினேன்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.
இந்த வாரத்தில்
பாதியில் அறுபடாமல் நான் பேசி முடித்தது அது ஒன்றுதான்.

வடை சூடாக இருந்தது.
உள்நாக்கு சுட்டது.
ஊதி ஆற்றி, மிளகைப் பொறுக்கி, ஓரத்தைக் கிள்ளி
யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பது
இரண்டாவது கடியில்தான் உறைத்தது.

சரக்கு வண்டி ஒன்று நிற்காமல் போனது.
மகிழோடு வந்தால் எண்ணியாக வேண்டும்
ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாக.
நடுவில் தும்மினால்
அடுத்த வண்டிக்கு மறுபடி முதலிலிருந்து.
இன்று எண்ணவில்லை.
அந்த வண்டியில் எத்தனை பெட்டி என்பது
எனக்குத் தெரியாமலே
ஜோலார்பேட்டைப் பக்கம் போய்விட்டது.
என்ன ஒரு நிம்மதி அது.

பிறகு இரண்டாம் நடைமேடையில்
யார் குழந்தையோ அழுதது.
என் குழந்தை இல்லை.
பாப்பா அழுகையில் ஒரு விக்கல் இருக்கும்,
இதில் இல்லை.
என் ரவிக்கைக்கு அதெல்லாம் தெரியவில்லை.
இரண்டு பக்கமும் நனைந்து
துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு
வெயிலுக்கு எழுந்தேன்.

வீட்டில் எந்தப் பிரளயமும் நடந்திருக்கவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.
பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.
"பேங்க்ல கூட்டமா?" என்று அக்கா கேட்கவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு,
"அடுத்த வியாழக்கெழம எனக்கும்
கொஞ்சம் பேங்க்குக்குப் போவணும்" என்றார்.
அவருக்கு எந்த பேங்க்கிலும் கணக்கு இருப்பதாக
நான் கேள்விப்பட்டதில்லை.
"போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பையைக் கவிழ்த்து மகிழ்
சீட்டைக் கண்டுபிடித்துவிட்டான்.
"எந்த ஊருக்குப் போன?"
"காட்பாடிக்கு."
"காட்பாடி இங்கதான இருக்கு!"
"ஆமாம்."
அவன் அப்பா இந்தப் பதிலுக்கு
மேலும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.
மகிழுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நாலு தலையணையில் ரயில் கட்டினான்.
என்னை மூன்றாம் பெட்டியில் உட்கார வைத்தான்.
கூ என்று புறப்பட்டு
ஃப்ரிட்ஜ் வரை போய் நின்று
கண்டிப்பான குரலில் கேட்டான்:
"டிக்கெட்?"
அவன் கையில்தான் இருந்தது.
"இல்லியே சார்" என்றேன்.
"அப்ப எறங்கு."

இறங்கினேன்.
சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டேன்.
வண்டி என்னை விட்டுவிட்டு
கூடத்தைச் சுற்றத் தொடங்கியது.

கடிகாரத்தில் மணி 11:50.
கணக்குப்படி
இன்னும் ஐம்பத்திரண்டு நிமிஷம்
சீட்டு செல்லும்.

உள்ளே தூளி
லேசாக
ஒருமுறை அசைந்தது.