பத்தாம் எண் இருக்கை

மார்ச்சில் கடிதம் வரும்.
வாசலில் பனி இன்னும் முழங்கால் வரை கிடக்க,
செப்டம்பருக்குப் பணம் கேட்பார்கள்.
கட்டிவிடுவேன், பத்துத் தவணையில்.
பஃபலோ நகராட்சிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
ராத்திரி ஓட்டிய கூடுதல் நேரமெல்லாம்
முப்பத்தோராம் வரிசையில்
ஒன்பதாம் எண் இருக்கையாக உறைந்துபோகிறது.

என் தம்பி கேஸிமிர் கணக்கில் புலி.
"மொத்தமாய் வாங்கினால் மலிவு என்பது
உருளைக்கிழங்குக்குச் சரி, யோலா,
தோற்கிற அணிக்குச் சரியில்லை.
டிசம்பரில் போனைத் திற.
ஒரு பீட்சா விலைக்கு
உன் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டு வரலாம்.
ஆகஸ்டில் ஈ ஓட்டுகிற பயிற்சி ஆட்டத்துக்கும்
முழு விலை அழுகிறாயே."
அவன் சொல்வதில் ஒரு சென்ட் பிழையில்லை.
அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில்
அவனோடு நான் பேசுவதில்லை.

பக்கத்து இருக்கை, பத்தாம் எண்,
எமெரி கோவாலிக்குடையது.
சீட்டு தாளாக இருந்த காலத்தில்
அந்தப் பெயர் ஒருமுறை என் காலடியில் கிடந்தது.
பதினோரு வருடம். ஆளை நான் பார்த்ததே இல்லை.
சீசன் முழுக்க வாங்கி
ஆட்டம் ஆட்டமாக விற்கிறவர்.
வாரம் ஒரு அந்நியரை
என் தோளுக்குப் பக்கத்தில் அனுப்பிவைக்கிறவர்.

ரோச்செஸ்டர் பல் மருத்துவர் ஒருவர் எதிரணிச் சட்டையில் வந்தார்,
மூன்று மணி நேரமும்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஜெயித்தார்.
ஒரு பெண், "எந்தப் பக்கம் நம்முடையது?" என்று
கேட்டுத் தெரிந்துகொண்டாள்;
கால் பகுதி முடிந்து அணிகள் பக்கம் மாறியதும்
நான்தான் ஏமாற்றியதைப் போலப் பார்த்தாள்.
ஒருவன் முன்னாள் மனைவிக்கு
வீடியோ அனுப்பிக்கொண்டே இருந்தான்,
ஒன்றில்கூடப் பந்து இல்லை.
பிறகு அந்தப் பையன், பன்னிரண்டு வயதிருக்கும்.
சேர்ந்தாற்போல் இரண்டு இடம் வாங்க முடியாத அம்மா
எதிர்ப்புறம் உச்சி வரிசையிலிருந்து
ஒவ்வொரு இடைவேளையிலும் சிவப்புத் துண்டை ஆட்டினாள்.
நாங்கள் இருவரும் பதிலுக்கு ஆட்டினோம்.

ஒற்றைச் சீட்டுக்காரர்கள் குடிக்கிற பியரையும்
படம் எடுத்துக்கொள்வார்கள்.
முட்டை வடிவப் பந்து கோட்டைத் தாண்டினால்
கட்டிப்பிடித்து முதுகில் அறைவார்கள்.
அடுத்த வாரம் வேறு கை, வேறு சோப்பு வாசனை.
பொறாமையாகத்தான் இருக்கும்.
அவர்களுக்குத் தோற்பது ஒரு மதியம்.
எனக்கு ஒரு வருடம்.

போன டிசம்பர், கடைசி ஆட்டம்.
பதினாறில் மூன்று வெற்றி.
விடியும்வரை தெரு வழித்துவிட்டு
லாரி எண்ணெய் நாற்றத்தோடே போனேன்.
ஏரிக் காற்றுக்கு எதிரே வரிசையே காலி.
பத்தாம் எண்ணில் மட்டும் ஒரு ஆள்,
அட்டைப் பெட்டியைப் பிரித்துக்
காலடியில் விரித்துக்கொண்டிருந்தார்.
குளிர் கான்கிரீட் வழியாகத்தான் ஏறும் என்பது
ஒருநாள் வந்து போகிறவர்களுக்குத் தெரியாது.

"கோவாலிக்?"

"நாலு டாலருக்கு இறக்கிப் பார்த்தேன்," என்றார்,
"ஒரு பிள்ளையும் எடுக்கவில்லை."

நல்ல ஆட்டங்களை விற்றுத்தான்
மொத்தத்தையும் கட்டுகிறாராம்.
விட்டுவிட்டால் மறுபடி
காத்திருப்போர் பட்டியலின் வாலில் நிற்க வேண்டுமாம்.
மற்ற ஞாயிறுகளில் மைதானத்துக்கு வெளியே
கார்களுக்கு இடம் காட்டுகிறார்.
சத்தத்தை வைத்தே எத்தனை கெஜம் என்று சொல்லிவிடுவாராம்.

"ஜெயிக்கிற வருடம் வந்தால்
நீங்களே உட்காருவீர்களா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.
"ஜெயிக்கிற வருடத்தில்
இந்த இருக்கை என்ன விலை போகும் தெரியுமா?"
என்றவர், தானே சிரித்துவிட்டார்.
சிரிப்பு வெள்ளைப் புகையாக வந்தது.

மூன்றாம் கால் பகுதி. பதினேழுக்குப் பூஜ்யம்.
அட்டையில் பாதியைக் காலால்
என் பக்கம் தள்ளினார்.
சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது.
இன்றைய விலையைச் சொல்லக்
கேஸிமிராகத்தான் இருக்கும்.
நான் கையுறையைக் கழற்றவில்லை.