புளித்த தொட்டி

சத்துவாச்சாரி தாண்டி பாலாற்றுக் கரையில்
எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
ஊர் கழுவிவிட்டதெல்லாம் என்னிடம்தான் வரும்:
காகிதப்பட்டறைச் சோப்பு நுரை,
தோட்டப்பாளையத்து ரசம்,
ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில்
வங்காளத்திலிருந்து ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள்
தூக்கம் வராமல் இழுத்துவிட்ட தண்ணீர்.

காற்றுப் புகாத இருட்டில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்
அதைத் தின்று வாயு விடும்.

சித்திரையில் கோபித்துக்கொண்டது.
எவனோ லாரியில் வந்து
மேன்ஹோலில் எதையோ கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான்.
தொட்டி புளித்தது.
மேல்மூடி ஒரு சாண் இறங்கி உட்கார்ந்தது.
"வயித்துக் கோளாறுதான்" என்றாள் கெமிஸ்ட் ஃபர்ஹானா.
"பட்டினி போடுங்க. சுண்ணாம்பு கொடுங்க."

பதினோரு நாள்.
நூற்றெட்டு டிகிரி வெயிலில்
மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றினோம்
நானும் கோதண்டனும்.
பிள்ளைக்கு ஜுரம் என்று வீட்டிலிருந்து போன் வந்தபோது
நான் இன்னொரு ஜுரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறு புள்ளி ஒன்று.
ஆறு புள்ளி ஒன்று.
ஆறு புள்ளி நான்கு.

பன்னிரண்டாம் நாள் விடியலில்
மூடி நான்கு விரல் ஏறியிருந்தது.
ஷெட் அடுப்பில் கோதண்டன் தீக்குச்சி கிழித்தான்.
நீலமாகப் பிடித்தது,
சத்தமே இல்லாமல்.

டீ போட்டோம்.
பில்லில் கையெழுத்து வாங்க வந்த காண்ட்ராக்டர்
டம்ளரை வாங்கினார், அடுப்பைப் பார்த்தார்,
எது எரிகிறதென்று புரிந்து
மெதுவாகக் கீழே வைத்தார்.
"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

அவர் வீடு ஃபேஸ் டூ.
எங்கள் குழாய்தான்.

ஆறுவதற்குள்
அதையும் கோதண்டனே குடித்தான்.