தொண்ணூற்றிரண்டு நாள் கழித்து

கப்பல் காலை ஆறுக்கே வந்துவிட்டது.
இறக்கி, எண்ணி, எடைபோட்டு,
கையெழுத்தெல்லாம் முடிந்து நீ வீடு வர
மூன்று மணியாகும் என்றாய்.
எனக்கு அது போதும்.

லெ போர் சந்தையில் அரைக் கிலோ லெஜீன்.
விலையைச் சொல்லமாட்டேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்
கேட்கக்கூடாத விலை அது.
மீன்காரி பிலோமென் என்னை இரண்டு முறை பார்த்து
"விருந்தாளியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

கூடவே ஒரு கை இறால்.
வேலியில் தொங்கிய இரண்டு சௌசௌ.

வெண்ணெய் உருகியது. மாவைக் கொட்டினேன்.
பாலை ஒரேயடியாக ஊற்றியதுதான் தப்பு.
வெள்ளைக் குழம்பெங்கும்
பெயரில்லாத சின்னச் சின்னத் தீவுகள்.
சல்லடையில் போட்டு
கரண்டியின் முதுகால் தேய்த்தேன்.
நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.
ஜாதிக்காய் கொஞ்சம்.
கொம்பாவா எலுமிச்சையின் தோல் கொஞ்சம்;
கொஞ்சம் என்று நினைத்தது அதிகமாகிவிட்டது.
கிரீமை ஊற்றி மறைத்தேன்.

சௌசௌவை வேகவைத்துப் பிழிந்தேன்.
பிழியப் பிழியத் தண்ணீர்.
இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு
எப்படித்தான் சும்மா தொங்கியதோ அந்தக் காய்.

காய், மீன், இறால், குழம்பு,
மேலே துருவிய சீஸ்.
அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால்
முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
முதலில் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஓரத்தில் ஒரு குமிழி.
பிறகு அதன் பக்கத்து வீட்டுக் குமிழி.
பிறகு தெரு முழுக்க.

நீ வந்தாய்.
டீசல், உப்பு, நனைந்த கம்பளி.
தரை இன்னும் ஆடுது என்று
சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய்.

தட்டில் வைத்தேன்.
முள்கரண்டியால் வெள்ளைச் சதையைப் பிரித்தாய்
ஏடு ஏடாக.
சாப்பிடவில்லை. பார்த்தாய்.
"பெரிய மீன். இருபத்தஞ்சு வயசாவது இருக்கும்."

துண்டைப் பார்த்தே சொல்வாயா?
"உறுதியாச் சொல்லணும்னா தலை வேணும்.
காதுக்குள்ள ஒரு கல் இருக்கும்.
வருஷத்துக்கு ஒரு வளையம், மரத்துல மாதிரி."
தொண்ணூற்றிரண்டு நாளில்
ஆயிரத்து நானூறு மீனுக்குக் கல் எடுத்து
உறையிலிட்டு எண் எழுதினாயாம்.
கையைக் காட்டினாய்.
விரல்நுனிகள்
எனக்கு அறிமுகமில்லாத யாருடையவோ.

இருபத்தைந்து.
நமக்குக் கல்யாணமாகிப் பதினொன்று.
நாம் சந்திக்கும் முன்பே
கெர்கெலென் பக்கத்து இருட்டில், ஆயிரம் மீட்டர் கீழே,
எந்த அவசரமும் இல்லாமல்
கொழுத்துக்கொண்டிருந்திருக்கிறது இது.
நான் அரை மணி நேரம் சுட்டேன்.

"கிஸ்லேன், பிடிக்கலையா?"

சிரித்துவிட்டாய்.
காலையில் லெஜீன், ராத்திரி லெஜீன்,
தூங்கினால் கனவில்
வாயைத் திறந்துகொண்டு லெஜீன்.
எனக்குக் காது சுட்டது.
விலை ஞாபகம் வந்தது.
"வீட்ல தக்காளி இருக்கா? பச்சை மிளகாய்?"

இருந்தது. இஞ்சியோடு இடித்துக் கொடுத்தேன்.
சோற்றில் பிசைந்து
கண்ணில் நீர்வர உண்டாய்.

பிறகுதான் பாத்திரத்தை உன் பக்கம் இழுத்தாய்.
கத்தியால் ஓரங்களைச் சுரண்டினாய்.
கருகி, மொறுமொறுத்து,
கண்ணாடியை விட மறுத்த சீஸ்.
நான்கு மூலையையும் விடவில்லை.
"கப்பல்ல எல்லாமே அவிச்சதுதான்" என்றாய்
பல்லிடுக்கில் கடித்துக்கொண்டே.
"அங்க எதுவும் கருகாது."

மறுநாள் மதியம்
வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்தினேன்.
பிள்ளைகள் வர இன்னும் இருபது நிமிடம்.
டப்பாவில் நடுப்பகுதி மட்டும்,
ஓரமே இல்லாமல், ஆறி இறுகி.
கொம்பாவா அதிகம்தான்.
ஸ்டீயரிங் மேல் டப்பாவைச் சாய்த்து
அந்த இருபத்தைந்து வருடத்தை
மெதுவாக மென்றேன்.

மணி அடித்தது.
ஒரு இறால் மிச்சம்.