காரணம் என்ற கட்டம்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
நேரம், ஓட்டின் நீளம், அலைவிளிம்பிலிருந்து எத்தனை அடி,
முட்டை இட்டதா இல்லையா, இப்படி.
கடைசிக் கட்டம்: காரணம்.
போவா விஷ்டா தீவின் கிழக்குக் கரையில்
ஆறாவது பருவமாக இரவுக் காவல் நடக்கும் அடோசிண்டா
அதில் பெரும்பாலும் ஒரு கோடு இழுத்துவிடுவாள்.

என்ன எழுதுவது?
சரிவு போதவில்லை என்றா,
மணல் உலர்ந்து குழி தூர்ந்தது என்றா?
நேற்று ஒருத்தி
மூக்கால் மணலை உழுதுகொண்டே முப்பது அடி ஏறி,
எல்லாம் பொருந்திய இடத்தில் நின்று,
பொருந்தாத எதையோ கண்டு
இறங்கிப் போனாள்.
விடிந்தபின் மணல்மேட்டிலிருந்து பார்த்தால்
கடலைப் பார்த்து வாய் திறந்த
ஒரு பெரிய ப.

இன்று நிலா இல்லை.
பாலைவனத் தூசி விண்மீன்களை மூடியிருக்கிறது.
தெற்கே விடுதி விளக்குகள்
வானத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கின்றன.
அலை உடையும் இடத்தில் ஒரு பாறை இருந்தது.
பிறகு பாறை நகர்ந்தது.
பெருந்தலை ஆமை. இடது பின்துடுப்பில்
சுறா கடித்த பிறை.
ஓர் இழுப்பு, ஒரு பெருமூச்சு.
ஓர் இழுப்பு.

அப்போதுதான் சட்டைப்பையில் ரோட்டர்டாம் ஒளிர்ந்தது.

மகன். துறைமுக இரவுப் பணியின் இடைவேளை.
அணைக்கப் போன விரல் தவறி எடுத்துவிட்டது.
"அம்மா, அங்கே கரண்ட் வந்துவிட்டதா?"
நீல வெளிச்சம் அவள் மோவாயில்,
மணலில்,
ஆமையின் ஈரக் கண்ணில்.

வந்துவிட்டது, பிறகு பேசலாம் என்றாள்.
இந்த ஆண்டும் வர முடியாது என்று சொல்லத்தான்
கூப்பிட்டிருப்பான். தெரியும்.
ஆமை ஏற்கெனவே திரும்பியிருந்தது.

சிவப்பு டார்ச்சில் படிவத்தை விரித்தாள்.
காரணம்: டெலிபோன். என்னுடையது.
ஆறு பருவங்களில்
அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் சொற்கள்.

மூன்று மணிக்கு, நானூறு அடி வடக்கே,
அதே பிறைக் கடி.
இம்முறை மேலே ஏறவில்லை.
ஓதம் தொடும் ஈர மணலிலேயே பறித்து,
இட்டு, அரைகுறையாக மூடிவிட்டுப் போய்விட்டாள்.

எண்பத்து மூன்று முட்டைகள்.
மேல்பக்கம் மேலாகவே, புரளாமல்,
ஒவ்வொன்றாக வாளிக்குள்.
வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

எங்கே?

இங்கே பறித்தாள்: கோரைவேர்.
அங்கே: தோண்டத் தோண்டச் சரிந்தது.
இன்னும் பத்தடி தள்ளி
முழங்கை வரை கையை விட்டாள்.
மேல்மணல் குளிர்ந்திருந்தது, அடியில் இளஞ்சூடு,
பிடித்தால் உருண்டையாக நின்றது.
சரியான இடம்தான்.
கையை உருவி, எழுந்து,
வாளியோடு வேறு பக்கம் நடந்தாள்.

கடைசியில் ஓரிடத்தில் புதைத்து மணலைத் தட்டியபோது
கடலின் பக்கம் வெளுத்திருந்தது.
மாற்றிய கூட்டுக்கும் படிவம் உண்டு,
அதிலும் அந்தக் கட்டம் உண்டு.
பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.
ரோட்டர்டாமில் இப்போது மணி ஒன்பது.
அவன் தூங்கப் போயிருப்பான்.