பெரிய ஜ

வண்ணார்பண்ணை அச்சுக்கூடத்தில்
மர எழுத்தில் பெரிய ஜ ஒன்றுதான் இருந்தது.
காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கிய மாசியிலேயே
மிஸ் கனகாம்புஜம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பாதித் தாளுக்கு அவள் பெயர், சிவப்பு மையில்.
நாடகத்தின் பெயர் கீழே,
ஆர்மோனியக்காரர் அதற்கும் கீழே,
'கொட்டகைக்குள் சுருட்டுப் பிடிக்கப்படாது' கடைசியில்.

ராஜபார்ட் காய்ச்சலில் விழுந்த கிழமை
மீசை ஒட்டிக்கொண்டு அவளே ராசா.
கொட்டடிப் பெடியள் ஏறிக் குதித்ததில்
கூரைத் தகரம் ஒன்று கழன்றது.

ஆறாம் வருஷம் கறுப்பு மை.
ஒன்பதாம் வருஷம்
ராஜாம்பாள் வந்தாள், பதினேழு வயசு.
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் ஜ-வைப் பார்த்தேன்.

கனகாம்புஜத்துக்கு இப்போது ஈய எழுத்து,
'ராணியின் தாயாராக' என்ற வரியில்.

புரூவ் பார்க்க அவளே வந்தாள்,
குதிரை வண்டியில்லை, வெயிலுக்குள்ளால் நடந்து.
தாளைத் தொடவில்லை.
அச்சில் கவிழ்ந்து கிடந்ததையே வலமிருந்து வாசித்தாள்.
"எம் பேருல ஒரு புள்ளி குறையுதே தம்பி."

ம்-க்குப் புள்ளி வைத்தேன்.

படியிறங்கும்போது திரும்பினாள்:
"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு,
ஜ-வோட வால்ல ஒரு கீறல் இருக்கு.
மை நிக்காது.
மொத வருஷம் பாக்க வந்தப்போ
நான் கீழ போட்டது."