இருநூற்று அறுபது கிலோ

பெரியதை நிமிர்த்த ஒரு முறை இருக்கிறது.
வண்டிக்கு முதுகு காட்டிக் குந்த வேண்டும்.
ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் பின்கம்பி,
தொடை பலத்தில்
சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், வீட்டுப் புல்தரையில்,
பழைய மெத்தை விரித்து
இரண்டு ஞாயிறுகள் பழகினேன்.

அண்டர்பெர்க் பெட்ரோல் நிலையத்தில்
நின்ற இடத்திலேயே அது சாய்ந்தபோது
முறை முழுக்க மறந்துபோய்
"ஐயோ" மட்டும் நினைவிருந்தது.
பால் லாரியிலிருந்து இருவர் குதித்து வந்தார்கள்.
பம்ப்பை அப்படியே மாட்டிவிட்டு நொம்புசோ வந்தாள்.
தூக்கி நிறுத்திய பின் என்னை
மேலிருந்து கீழாக அளந்தாள்; அதிக நேரம் ஆகவில்லை,
ஐந்தடி ஓரங்குலம்.
"சிஸி, இதைவிடச் சின்னதாக
அவர்கள் எதுவும் விற்கவில்லையா?"

விற்றார்கள்.
அடுத்த மாதச் சம்பளத்தில் முன்பணம் கட்டினேன்.

சின்னது வெட்டுக்கிளி. இருக்கை சப்பாத்திப் பலகை.
சானி கணவாயில், பனி உருகி வழிந்த வளைவுகளில்
ஐந்து முறை என்னைக் கீழே போட்டது.
ஐந்து முறையும்
காய்கறிப் பையைத் தூக்குவதுபோல் தூக்கி
திட்டிக்கொண்டே ஏறிப்போனேன்.
உச்சியில் லெசோத்தோ முத்திரை குத்தியவர்
என் சேற்றுக் கையுறையைப் பார்த்து
பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் வாங்கினார்.

"ஒருத்திக்கு எதற்கு இரண்டு?" என்கிறார்
அக்கா வீட்டுக்காரர் தயாளன்.
இரண்டு காப்பீடு, இரண்டு உரிமச் சீட்டு, நான்கு டயர்.
அவற்றுக்கு இடம் விட்டு
சலவை இயந்திரம் கராஜுக்கு வெளியே போய்
வருடம் ஒன்றாகிறது.
நான் பல் செய்கிறவள்.
மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும்
ஒரே அச்சில் அளவெடுப்பீர்களா, அத்தான், என்று கேட்டேன்.
அவருக்கு இரண்டு தாடையும் நான் செய்து கொடுத்தவைதான்.
கொஞ்ச நேரம் மென்றார்.

ஆனாலும் கணக்கு உறுத்தியது.
ஆகஸ்டில் பெரியதை விற்பதென்று முடிவு.
லேடிஸ்மித்திலிருந்து டிரெய்லரோடு வந்தார் ஹெண்ட்ரிக்,
கூடவே மனைவி.
வருமுன் பத்து நிமிடம் எஞ்சினைச் சூடாக்கி வைத்தேன்,
பெண் பார்க்க வரும் வீட்டில் காபி போடுகிற மாதிரி.
சங்கிலி இல்லை, தண்டுதான் என்றேன்.
விழுந்த கீறலை நானே காட்டினேன்.
"பிறகு ஏன் விற்கிறீர்கள்?"

வாய் திறந்தேன்.
வேன் ரீனன் ஏற்றம் வந்து நின்றது.
ஜூன் மாதப் பனிமூட்டம்,
முன்னால் நிலக்கரி லாரிகளின் சிவப்பு விளக்குகள்,
மணிக்கட்டை ஒரு நூல் திருப்ப
அத்தனையும் கண்ணாடிக்குள் சின்னதாகி,
ஹாரிஸ்மித்துக்கு மேலே
வெளுத்த புல்வெளி திறந்துகொண்ட காலை.
அதே சாலையில் சின்னதை ஒருமுறை ஓட்டியிருக்கிறேன்.
தொண்ணூறில் ஒவ்வொரு திருகாணியும் பேசியது,
லாரிக் காற்று என்னை
மஞ்சள் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டுப் போனது.
வழியெல்லாம் பெரியதை நினைத்துக்கொண்டே வந்தேன்.
பெரியதில் போகும்போது
ஒவ்வொரு மண்பாதைப் பிரிவிலும் சின்னதை நினைப்பேன்.
இது துரோகமா தெரியவில்லை. எதற்குத் துரோகம்?

போட்டிருந்த விலைக்கு மேல்
இருபதாயிரம் ராண்ட் சொன்னேன்.
ஹெண்ட்ரிக் சிரித்தார். மனைவி அவரைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.
தேநீர் குடித்துவிட்டு, வெறும் டிரெய்லரோடு கிளம்பினார்கள்.

விஷயம் கேட்டு தயாளன் போன் செய்தார்.
"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்றார்.
ஆமாம், அத்தான்.
நேற்று ம்கொமாசிக் கரையில் அப்படித்தான் நின்றேன்,
சேற்றுக்கால் முழங்கால் வரை.
பூட்ஸ் இன்னும் காயவில்லை.

வானம் கறுக்கிறது.
சலவை இயந்திரத்துக்கு ஒரு தார்ப்பாய் வாங்க வேண்டும்.